குடியானவர் குடும்பமும் இரும்புச் சத்தும்

சுண்ணாம்பு மிகுந்த நிலங்களில் நிலக்கடலை பயிரிடும் குடியானவர்கள், விதைத்து ஏறக்குறைய ஒரு மாதம் சென்றபின், செடியின் கொழுந்திலைகள் மஞ்சளித்து, நரம்புகள் மட்டும் பசுமையாய் நிற்பதைப் பார்த்திருப்பார்கள். நோய் முற்றினால் இலை முழுவதும் காகிதம்போல் வெளுத்துப் போகும். கரும்பிலும் இக்குறி தோன்றுவதுண்டு. இது பூச்சியாலோ பூஞ்சணத்தாலோ வந்ததன்று. இரும்புச் சத்துக் குறைவினால் வந்தது. இதில் வியப்பு யாதெனில், அந்த மண்ணைப் பரிசோதித்தால் இரும்பு ஏராளமாகவே காணப்படும் என்பதாம். சுண்ணாம்பின் காரத் தன்மையினால் அது கரையாத நிலையில் கட்டுண்டு கிடப்பதால் வேர்கள் அதைக் கிரகிக்க முடிவதில்லை. ஆகையினால்தான் 100 லிட்டர் நீரில் 1 கிலோ அன்னபேதி உப்பைக் கரைத்து, அதிலுள்ள இரும்பு துருவாய் மாறிவிடாதபடி 100 கிராம் எலுமிச்சை உப்பும் சேர்த்து இலைமேல் தெளிக்கும்படி குடியானவர்களுக்குச் சொல்லப்படுகிறது. தெளித்த சில தினங்களில் பசுமை திரும்பிவிடுகிறது.

இலைகளின் இந்த வெளுப்புக்கு இரும்பு உப்பே மருந்து என்பதைப் பிரெஞ்சு தேசத்தைச் சேர்ந்த யூசேப் கிரீ என்பவர் 1843-ஆம் வருஷத்தையொட்டி ஆராய்ந்து வெளியிட்டார். அதற்குப் பத்து வருஷங்களுக்கு முன்பே, 1832-இல், அதே தேசத்து வைத்தியராகிய ப்ளோ என்பவர், வெளுத்துச் சோர்ந்த இளம் பெண்களுக்கு அன்னபேதியைக் கொண்டு செய்த மாத்திரைகளைக் கொடுத்துக் குணப்படுத்தியிருந்தார். பெண்களுக்கு வந்த நோய்க்கும் பயிருக்கு வந்த நோய்க்கும் ஐரோப்பிய வைத்தியர்களும் தாவர சாஸ்திரிகளும் க்ளோரோஸிஸ் என்னும் ஒரே பெயரை வழங்கினர். தமிழ் நாட்டு வைத்தியர்களும் அன்னபேதிச் செந்தூரத்தைச் சோகைக்குக் கொடுத்து வந்திருக்கின்றனர்.

பெயரும் மருந்தும் மட்டுமன்றி, நோய் உண்டாகும் விதத்திலும் ஒற்றுமை உண்டு. மண்ணில் இருப்பது ஒன்று, பயிருக்குக் கிடைப்பது வேறு. அவ்வாறே தட்டில் இருப்பது ஒன்று, இரத்தத்தில் சேர்வது வேறு. வீட்டில் கம்பும் கீரையும் பயறும் இருந்தும் அவ்வீட்டுப் பெண்கள் சோகையால் வாடுவது இந்த வித்தியாசத்தினாலேயாகும்.

வளர்ந்த மனிதனுடைய தேகத்தில் உள்ள இரும்பு எல்லாம் சேர்ந்து 3 அல்லது 4 கிராமுக்கு மேல் இராது. இரண்டு சிறு ஆணிகளுக்கு அது போதும். அதில் மூன்றில் இரண்டு பங்கு இரத்தத்துக்குச் சிவப்பு நிறம் தரும் ஹீமோகுளோபின் என்னும் பொருளில் இருக்கிறது. மூச்சின் வழியாய் வரும் பிராணவாயுவை ஏந்திக்கொண்டு தசைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுப்பது அதன் வேலை. அது குறைந்தால், களத்தில் ஆள் குறைந்ததுபோல், மற்ற ஆட்கள் எவ்வளவு ஓடினாலும் வேலை நடவாது. இருதயம் வேகமாய் அடிக்கிறது, மேல்மூச்சு வாங்குகிறது, தலை சுற்றுகிறது. நடவுக்குச் சென்ற பெண் நாற்றுக் கட்டுடன் வரப்பேறும்போது நின்று நின்று ஏறுவதும், கீழிமையைத் தாழ்த்திப் பார்த்தால் உட்புறம் சிவந்திராமல் வெளுத்திருப்பதும், நகங்கள் குழிந்து எளிதில் ஒடிவதும் இதன் குறிகளே. பச்சரிசி, சாம்பல், செம்மண், சிலேட்டுக் குச்சி முதலியவற்றைத் தின்ன வேண்டும் என்னும் ஆசையும் பல சமயங்களில் இரும்புக் குறைவுடன் சேர்ந்தே வருகிறது. கர்ப்பிணியின் மசக்கை என்று வீட்டார் அதைச் சிரித்துத் தள்ளிவிடாமல் இரத்தத்தைப் பரிசோதிக்கச் செய்வது நலம்.

இக்குறை எவ்வளவு பரவலானது என்பதைத் தேசியக் குடும்ப நல ஆய்வின் கணக்கு காட்டுகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாவது ஆய்வில், இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 100-க்கு 57 பேர் சோகையுற்றவர்களாகக் காணப்பட்டனர். தமிழ் நாட்டில் அது 100-க்கு 53 பேர். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 100-க்கு 57 பேர். ஆண்களிடத்தில் இந்நோய் இவ்வளவு இல்லை. இந்தியா முழுவதிலும் 100-க்கு 25 பேரே. சோகை முழுவதும் இரும்புக் குறைவால் வருவதன்று. போலிக் அமிலம், வைட்டமின் பி12 ஆகியவற்றின் குறைவும், பரம்பரையாய் வரும் சில இரத்தக் கோளாறுகளும் காரணமாகலாம். ஆயினும் காரணங்களில் பெரியது இரும்புக் குறைவே.

ஆண்களுக்கும் பெண்களுக்கும் இவ்வளவு வேற்றுமை இருப்பதேன் என்பதை வரவு செலவுக் கணக்கால் அறியலாம். தேகம் தன்னிடமுள்ள இரும்பை வீணாக்குவதில்லை. பழைய இரத்த அணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள இரும்பை எடுத்துப் புதிய அணுக்களுக்கு உபயோகிக்கிறது. நாளொன்றுக்கு வெளியே போவது சுமார் 1 மில்லிகிராமே. ஆண்களுக்கு இவ்வளவுதான் செலவு. பெண்களுக்கோ மாதந்தோறும் போகும் இரத்தத்தோடு இரும்பும் போகிறது. கர்ப்ப காலத்தில் அச்செலவு நிற்பது உண்மையே; ஆனால் சிசுவுக்கும் நஞ்சுக்கொடிக்கும் தாயின் அதிகப்படியான இரத்தத்துக்கும் பிரசவத்தில் ஆகும் சேதத்துக்குமாக மொத்தம் 1,000 மில்லிகிராம் வரை தேவைப்படுகிறது. இதில் பெரும்பகுதி கடைசி மாதங்களில் வந்து விழுகிறது. அப்பொழுது இரத்தத்தில் சேர வேண்டியது நாளொன்றுக்கு 6 மில்லிகிராமுக்கும் மேலாகிறது. சேமிப்பு இல்லாத குடும்பத்தில் கலியாணச் செலவு வந்தாற்போன்றது இது. ஒரு குழந்தை பால்குடி மறக்குமுன் மற்றொன்று கருவில் அமைந்துவிட்டால், முதல் கடன் தீருமுன் இரண்டாம் கடன் ஏறுகிறது.

இக்கடனுக்கு ஈடாகப் போவது சில சமயம் உயிரே. இந்தியாவில் பிரசவ சம்பந்தமான மரணங்களுக்கு முதன்மையான காரணம் இரத்தப் போக்கு. நல்ல இரத்தமுள்ள தாய் தாங்கிக்கொள்ளும் சேதத்தைச் சோகையுற்ற தாயால் தாங்க முடிவதில்லை. பிழைத்தாலும் குழந்தை எடை குறைந்து பிறக்கிறது. அதற்கும் இரும்புச் சேமிப்பு குறைவாகவே இருக்கிறது. வேலைத் திறனைப் பற்றியோ கேட்க வேண்டுவதில்லை. இலங்கையில் கொழுந்து பறிக்கும் பெண்களைக்கொண்டு நடத்தி 1979-இல் வெளியான ஆராய்ச்சியில், இரும்பு கொடுத்து ஹீமோகுளோபின் ஏறியபின் அவர்கள் முன்னிலும் அதிகமான கொழுந்து பறித்தனர்; மிகவும் சோகையுற்றிருந்தவர்களிடம் இந்த அபிவிருத்தி அதிகமாய்க் காணப்பட்டது. சோம்பல் என்று மேஸ்திரிகள் வைவது பல இடங்களில் இரத்தக் குறைவே என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை.

இனி ஆகாரத்தைக் கவனிப்போர்க்கு முதலில் தோன்றுவது தானியத்தின் மாறுதலாகும். தீட்டிய அரிசி 100 கிராமில் இரும்பு முக்கால் மில்லிகிராமும் இராது. கம்பில் 6½ மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது, கேழ்வரகில் 4½, சோளத்தில் 4. நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி உண்ணும் பெண்ணுக்கு அதிலிருந்து கிடைப்பது 2½ மில்லிகிராம். அதில் பாதியை நீக்கி 200 கிராம் கம்பை வைத்தால் கம்பிலிருந்து மட்டும் 12½ மில்லிகிராமுக்கு மேல் வருகிறது. மேட்டாங்காட்டுக் குடும்பங்களில் கம்பங்கூழும் கம்பஞ்சோறும் இருந்த இடத்தில் மூன்று வேளையும் அரிசிச் சோறு வந்தது அந்தஸ்தின் அடையாளமாய்க் கருதப்பட்டது. ஆனால் இந்தக் கணக்கில் அது நஷ்டமே. குழந்தை பெறும் வயதிலுள்ள ஏறக்குறைய எல்லாப் பெண்களுக்கும் போதுமானது நாளொன்றுக்கு 29 மில்லிகிராம் என்றும், ஆண்களுக்கு 19 என்றும் ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து ஸ்தாபனம் 2020-இல் வகுத்திருக்கிறது.

கம்பில் இரும்பை இன்னும் ஏற்றிய ரகமும் உண்டு. பத்தாஞ்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தார் உண்டாக்கிய தனசக்தி என்னும் ரகம் 2012-இல் மகாராஷ்டிரத்திலும் 2014-இல் இந்தியா முழுவதற்கும் வெளியிடப்பட்டது. அதன் தானியத்தில் கிலோவுக்கு 71 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. அது ஒட்டு ரகமன்று. ஆதலால் வேறு கம்பு பூக்கும் வயல்களிலிருந்து விலக்கிப் பயிரிட்டால் குடியானவர்கள் விதையைத் தாமே எடுத்து வைத்துக்கொள்ளலாம். இரும்பு மிகுந்த கம்பு மாவினால் செய்த ரொட்டியை மகாராஷ்டிரத்துப் பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆறு மாதம் கொடுத்துப் பார்த்ததில், தொடக்கத்தில் இரும்புக் குறைவுற்றிருந்த பிள்ளைகள் மற்றக் கம்பை உண்டவர்களைவிட அதிகமாய்த் தேறினர் என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சி கூறுகிறது.

பயறு வகைகளில் கொள்ளு தலைசிறந்தது. 100 கிராமில் 8½ மில்லிகிராமுக்கு மேல் உண்டு. மாட்டுக்கு வேகவைக்கும் கொள்ளை மனிதர்கள் இகழ்வதற்கு நியாயமில்லை. கொண்டைக்கடலை, மைசூர்ப் பருப்பு, எள் ஆகியவையும் நல்லவை. கீரைகளில் முருங்கையும் தண்டுக்கீரையும் 4½ மில்லிகிராம் வீதம் தருகின்றன. குன்னூர் ஆராய்ச்சிச் சாலையிலிருந்து டாக்டர் அய்க்ராய்ட் 1937-இல் முதன்முதல் உணவு அட்டவணையை வெளியிட்ட காலந்தொட்டு, கீரைகளுக்குப் பெரிய எண்கள் சொல்லப்பட்டு வந்தன. பிற்காலத்துச் சோதனைகளில் அவ்வெண்கள் வெகுவாகக் குறைந்தன. இலையில் ஒட்டிய மண்ணின் இரும்பும் சேர்ந்து கணக்காகிவிட்டது இதற்கு ஒரு காரணம். எனினும் கீரை கீரையே. இரும்போடு போலிக் அமிலமும் தருவதால் அதைத் தள்ளலாகாது.

செக்கச் செவேல் என்றிருப்பதனாலேயே பீட்ரூட் இரத்தத்தை வளர்க்கும் என்பது பலருடைய நம்பிக்கை. 100 கிராமில் 1 மில்லிகிராம்கூட அதில் இல்லை. வெல்லத்தில் 100 கிராமுக்கு 4½ மில்லிகிராம் உண்டென்றாலும், ஒருவர் ஒரு நாளில் தின்னும் சிறு கட்டியிலிருந்து கிடைப்பது சொற்பமே. பேரீச்சம்பழமும் அத்தகையதே. இவற்றை உண்பதில் தீமையில்லை. இவற்றை நம்பி மற்றதை விடுவதில்தான் தீமை.

மாமிசம் உண்போர்க்கு வழி எளிது. இறைச்சியிலும் மீனிலும் உள்ள இரும்பில் ஒரு பகுதி இரத்த இரும்பாக இருப்பதால், அதில் 100-க்கு 15 முதல் 35 பங்கு வரை உடலில் சேர்கிறது. தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பிலிருந்து சேர்வது பெரும்பாலும் 100-க்கு 10 பங்குக்கும் குறைவே. ஆட்டின் சுவரொட்டியையும் ஈரலையும் வெளுத்த பிள்ளைகளுக்கும் பிள்ளை பெற்றவளுக்கும் சமைத்துக் கொடுக்கும் நாட்டு வழக்கம் மிகவும் பொருத்தமானது. மீனோ இறைச்சியோ சிறிது சேர்ந்தால் அதே வேளையில் உண்ட கம்பின் இரும்பும் நன்றாய்ச் சேர்கிறது. ஆனால் கறி சமைத்த நாளில் ஆண்களும் பிள்ளைகளும் உண்டபின் சட்டியின் அடியில் மிஞ்சிய குழம்பை ஊற்றிக்கொண்டு உண்பவள், யாருக்கு அது முதலில் வேண்டுமோ அவளே.

மாமிசம் உண்ணாதவர்க்கு, மண்ணில் சுண்ணாம்பு செய்யும் காரியத்தைத் தானியங்களில் உள்ள பைட்டேட் என்னும் பொருள் செய்கிறது. அது இரும்பைக் கட்டிவிடுகிறது. தேயிலையிலும் காப்பியிலும் உள்ள துவர்ப்புச் சத்தும் அவ்விதமே. சாப்பாட்டுடன் தேநீர் குடித்தால் சேர வேண்டிய இரும்பில் பாதிக்கு மேல் சேராமல் போகிறது. காலைப் பலகாரத்துக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது விடுவது பணச் செலவில்லாத சிகிச்சை.

கட்டவிழ்க்கும் பொருள் புளிப்பு. வயலில் அன்னபேதியோடு எலுமிச்சை உப்பைச் சேர்ப்பதும், சோற்றோடு எலுமிச்சம்பழத்தைப் பிழிவதும் வேறு வேறல்ல. வைட்டமின் ஸி மிகுந்த நெல்லிக்காய், கொய்யா, எலுமிச்சை, பச்சை மிளகாய், முட்டைக்கோசு முதலியவற்றில் ஒன்று அதே வேளையில் இருந்தால் தாவர இரும்பு இரண்டு மூன்று மடங்கு சேரக்கூடும். வைட்டமின் ஸி நெடுநேரம் கொதித்தால் அழிந்துவிடும். ஆகையால் எலுமிச்சையை இறக்கியபின் பிழிய வேண்டும். கம்பு மாவைக் கரைத்து இரவு முழுவதும் புளிக்க வைத்துக் கூழ் காய்ச்சுவதும், பயறுகளை முளைகட்டுவதும் பைட்டேட்டைக் குறைக்கின்றன. கூழுக்குப் புளிப்பு ருசிக்காக ஏற்பட்டதென்று நினைத்திருந்த பாட்டிமார்கள் அறியாமலே சரியான காரியத்தைச் செய்து வந்தனர்.

இரும்புச் சட்டியில் புளிக்குழம்பு வைத்தால் அது கறுத்துப் போகிறதென்று அலுமினியத்துக்கு மாறிய வீடுகள் பல. கறுப்பு என்று கண்டது குழம்பில் இறங்கிய இரும்பே. எத்தியோப்பியாவில் இரும்புப் பாத்திரத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளிடம் அலுமினியத்தில் சமைத்த வீட்டுக் குழந்தைகளைவிடச் சோகை குறைந்தது என்று 1999-இல் வெளியிடப்பட்டது. பழைய சட்டியைப் பரணிலிருந்து இறக்கித் துரு போகத் தேய்த்து எண்ணெய் தடவி வைத்தால் தினமும் உபயோகமாகும்.

வரவை இவ்வாறு கூட்டினாலும், ஓட்டைப் பானையில் நீர் நில்லாது. ஈரமான நிழல் நிலங்களிலும் தோட்டங்களிலும் மலம் கழிக்கும் இடங்களில், கொக்கிப் புழுவின் முட்டை பொரித்து, அதன் இளம் புழு வெறுங்காலின் தோலைத் துளைத்து உட்செல்கிறது. குடலில் தொற்றிக்கொண்டு, புழு ஒன்று நாளொன்றுக்கு 0.03 மில்லிலிட்டர் இரத்தத்தைச் சேதப்படுத்துகிறது. வேறொரு வகைப் புழு இதைப்போல் ஐந்து மடங்கு. நூறு புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 3 மில்லிலிட்டர். அதாவது ஏறக்குறைய 1 மில்லிகிராம் இரும்பு. தேகத்தின் இயல்பான செலவு இதனால் இரட்டிப்பாகிறது. கக்கூசை உபயோகிப்பதும், காலுக்குச் செருப்பிடுவதும், வருஷத்துக்கு இருமுறை பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் இலவசமாய்க் கொடுக்கப்படும் அல்பெண்டசோல் மாத்திரையைப் பிள்ளைகளை விழுங்கச் செய்வதும் இதற்குப் பரிகாரம்.

இவ்வளவும் செய்தாலும், கர்ப்ப காலத்தின் பிற்பாதிக்கு ஆகாரம் மட்டும் போதாது. நாளொன்றுக்கு 6 மில்லிகிராம் இரத்தத்தில் சேர வேண்டுமாயின், 100-க்கு 8 பங்கே சேரும் உணவில் 75 மில்லிகிராம் இருத்தல் வேண்டும். கம்பு மட்டுமானால் ஒரு கிலோவுக்கு மேல் உண்ண வேண்டும். எந்தப் பெண்ணால் அது இயலும்? சேமிப்புள்ள தேகம் அதிலிருந்து எடுத்துக்கொள்ளும்; இந்நாட்டுப் பெண்களில் பலருக்கு அந்தச் சேமிப்பு இல்லை. ஆகவே மாத்திரை அவசியமாகிறது. சர்க்கார் 1970 முதல் இதைக் கொடுத்து வருகின்றனர். 2018-இல் திருத்தியமைத்த திட்டப்படி, 60 மில்லிகிராம் இரும்பும் அரை மில்லிகிராம் போலிக் அமிலமும் சேர்ந்த சிவப்பு மாத்திரையை நான்காம் மாதம் முதல் தினம் ஒன்றாக 180 நாளும், பிரசவித்தபின் மேலும் 180 நாளும் உண்ண வேண்டும். பள்ளிப் பெண்களுக்கும் பையன்களுக்கும் வாரம் ஒரு நீல மாத்திரை. சிறு குழந்தைகளுக்கு வாரம் இருமுறை 1 மில்லிலிட்டர் மருந்து.

இரும்போடு போலிக் அமிலத்தைச் சேர்த்ததற்கு இம்மாகாணத்தோடு தொடர்புடைய வரலாறு ஒன்றுண்டு. லூசி வில்ஸ் என்னும் ஆங்கிலேய மாது, பம்பாய் மில்களில் வேலை செய்த கர்ப்ப ஸ்திரீகளின் சோகையை ஆராய 1928-இல் வந்து, 1929-இல் குன்னூரிலும் தம் ஆராய்ச்சியை நடத்தினார். இரும்பினால் தேறாத ஒருவகைச் சோகை ஈஸ்ட்டுச் சாரத்தினால் தேறுவதை 1931-இல் வெளியிட்டார். அச்சாரத்திலிருந்த பொருளே பின்னர் 1941-இல் பசலை போன்ற கீரை இலைகளிலிருந்து பிரித்தெடுக்கப்பட்டு, இலை என்று பொருள்படும் இலத்தீன் சொல்லால் பெயர் பெற்ற போலிக் அமிலம்.

மாத்திரையை வாங்கி வருபவர் பலர். முடியும்வரை உண்பவர் சிலரே. வயிற்றைப் புரட்டுகிறது, மலம் கட்டுகிறது, கறுப்பாய்ப் போகிறது என்று நாலைந்து நாளில் நிறுத்திவிடுகின்றனர். மலம் கறுப்பது சேராத இரும்பினால்; அதனால் கெடுதல் ஒன்றுமில்லை. குழந்தையும் கறுத்துப் பிறக்கும் என்பது வெறும் வதந்தி. வெறும் வயிற்றில் உண்டால் இரும்பு அதிகம் சேரும். குமட்டுமானால் இரவுச் சாப்பாட்டுக்குப் பின், படுக்குமுன் எலுமிச்சை நீரோடு உண்ணலாம். பால், தேநீர், காப்பி, சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஆகியவற்றை இதனுடன் சேர்க்கலாகாது. நாரும் நீரும் மிகுந்த உணவு மலச்சிக்கலை நீக்கும். உடம்பு சற்றுத் தெளிந்தவுடன் நிறுத்திவிடாமல், ஹீமோகுளோபின் சரியான பின்னும் சேமிப்பு நிரம்பச் சில மாதங்கள் தொடர வேண்டும்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் குறைந்தால் சோகை. 7-க்குக் குறைந்தால் மாத்திரையை நம்பி வீட்டிலிருத்தல் ஆபத்து. உடனே ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும். அங்கே இரும்பை இரத்த நாளத்தின் வழியாய் ஏற்றவும், அவசியமானால் இரத்தமே கொடுக்கவும் வசதி உண்டு. முறையாய் மாத்திரை உண்டும் ஒரு மாதத்தில் முன்னேற்றம் காணாதவர்களும், தலசீமியா போன்ற பரம்பரைக் கோளாறுள்ள குடும்பத்தாரும் வைத்தியரைக் கேளாமல் இரும்பைத் தொடர்ந்து உண்ணலாகாது.

உரக்கடையில் பயிருக்கு விற்கும் அன்னபேதி மருந்தன்று. அதில் வேறு உலோகங்களும் அழுக்கும் கலந்திருக்கும். அதை எக்காரணத்தாலும் உட்கொள்ளக் கூடாது. சர்க்கரைப் பூச்சிட்ட சிவப்பு மாத்திரைகளையோ சிறு குழந்தைகள் மிட்டாய் என்று எண்ணி விழுங்கிவிடுகின்றனர். ஒரே சமயத்தில் பல மாத்திரைகள் உட்சென்றால் உயிர்ச்சேதம் நேரிடும். அவ்விதம் நேர்ந்துவிட்டால் வாந்தி நிற்கட்டும் என்று காத்திராமல், மாத்திரை அட்டையையும் எடுத்துக்கொண்டு குழந்தையை அக்கணமே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு செல்ல வேண்டும். அன்னபேதிப் பொட்டலத்தைப் பூச்சி மருந்துகளோடு பூட்டிய பெட்டியிலும், மாத்திரை அட்டையைக் குழந்தைக்கு எட்டாத மாடத்திலும் வைத்தல் வேண்டும்.